தராசு யார் கையில்?

உங்கள் வீட்டு டீத்தூள் பாக்கெட்டை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். ஊட்டி பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்குகிற காலண்டரைப் பாருங்கள். பச்சை மலை, முதுகில் கூடை, வாய் நிறையச் சிரிப்பு. படத்தில் இருப்பது யார்? சந்தேகமே வேண்டாம், ஒரு பெண்!

கொழுந்து பறிக்கிற ஆண் படத்தை எந்தப் பாக்கெட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா?

ஏன் இப்படி என்று தோட்டத்துப் பக்கம் யாரைக் கேட்டாலும் ரெடிமேட் பதில் ஒன்று இருக்கிறது. ‘பொம்பளைங்களுக்கு விரல் மென்மை சார். ரெண்டு இலை, ஒரு மொட்டு... நுனியை மட்டும் பதமாக் கிள்ளணும். ஆம்பளைக் கையைச் செடி தாங்காது.’

கேட்பதற்கு எவ்வளவு அழகான பாராட்டு! இந்தப் பாராட்டைத்தான் இந்த வாரம் கொஞ்சம் பிரித்து மேய வேண்டியிருக்கிறது.

காஞ்சிபுரத்துத் தறியில் மெல்லிய பட்டு இழையை அறுந்துவிடாமல் பிணைப்பது யார் விரல்? பெரும்பாலும் ஆண் விரல். தங்கத்தில் கடுகளவு கல் பதிக்கிற ஆசாரியின் விரல்? ஆண் விரல். ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு வாட்ச் ரிப்பேர் பார்ப்பவர்? அவரும் ஆண்தான். அங்கெல்லாம் யாரும் விரல் மென்மை பற்றிப் பேசுவதில்லை. கைவினைஞர், கலைஞர், நிபுணர் என்று சொல்கிறோம். அதற்கேற்ற கூலி கேட்கிறார்கள், கொடுக்கிறோம்.

ஆக, நுணுக்கமான வேலையை ஆண் செய்தால் அதற்குப் பெயர் திறமை. அதையே பெண் செய்தால் இயற்கை. திறமைக்குக் காசு கொடுத்தாக வேண்டும். இயற்கைக்கு யார் காசு கொடுப்பார்கள்? மழைக்கும் வெயிலுக்கும் பில் வருகிறதா என்ன?

இந்த ஒரு வார்த்தை விளையாட்டில் எத்தனை பேருடைய வாழ்க்கை மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க நெல்லியாளம் வரை போக வேண்டும்.

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு மூலை. கூடலூரைத் தாண்டி, கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது நெல்லியாளம். பேருக்கு நகராட்சி. தேவாலா, பந்தலூர் என்று பஸ் வளைந்து வளைந்து போகப் போக, கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தேயிலைதான். 1880 வாக்கில் இந்தப் பக்கம் தங்கம் இருக்கிறது என்று லண்டன் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வந்து தோண்டின. கட்டுப்படியாகாமல் சில வருடங்களிலேயே மூட்டை கட்டின. பூமிக்கு அடியில் கிடைக்காத லாபம் பிற்பாடு பூமிக்கு மேலே கிடைத்தது, தேயிலை ரூபத்தில்.

‘டான்டீ’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் கோட்டங்களில் நெல்லியாளமும் ஒன்று. இது அரசாங்கக் கம்பெனி. பிறந்த கதையே ஒரு சோகக் கதை. 1964 அக்டோபரில் சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் நாடற்றவர்களாக நின்ற 9,75,000 மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று முடிவானது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் இரண்டு நாடும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பாகப்பிரிவினையில் அண்டா குண்டாவைப் பிரிப்பதுபோல! அப்படிக் கப்பலேறி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு போட ஆரம்பித்த தோட்டங்கள்தான் எழுபதுகளின் நடுவில் டான்டீ ஆயின.

கடலைத் தாண்டி வந்தும் அந்தப் பெண்களின் வேலை மாறவில்லை. அங்கே கொழுந்து, இங்கேயும் கொழுந்து. அங்கே ஆள் கணக்குக்குத் ‘தலைக்காசு’ வாங்கிய கங்காணி, இங்கே மேஸ்திரி, சூப்பர்வைசர். பெயர்தான் வேறு. பறிக்கிற கை பெரும்பாலும் பெண் கை, ‘ம்... சீக்கிரம், சீக்கிரம்’ என்று விரட்டுகிற வாய் பெரும்பாலும் ஆண் வாய்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்கிற வியாதி உண்டு. இதற்கும் போட்டேன்.

ஒரு கிலோ டீத்தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நல்ல பருவத்தில் ஒரு பெண் ஒரு நாளைக்கு 27 கிலோ பறித்தார் என்று வையுங்கள். அது 6 கிலோ டீத்தூள். ஒரு கப்புக்கு 2 கிராம் என்றால் 3,000 கப் டீ. கப் 10 ரூபாய் என்று மலிவாகவே போட்டாலும் 30,000 ரூபாய் வியாபாரம்! பால், சர்க்கரை, கேஸ், கடை வாடகை, ஃபேக்டரி, ஏலம், லாரி, புரோக்கர் என்று எல்லாவற்றையும் கழித்துக்கொள்ளுங்கள். தாராளமாகவே கழியுங்கள். இத்தனைக்கும் ஆரம்பமாக இருந்த அந்தக் கைக்கு அன்றைய கூலி என்ன தெரியுமா? சில நூறு ரூபாய்.

அந்தச் சில நூறும் சும்மா வருவதில்லை. ஒரு நாளில் இரண்டு, மூன்று முறை கொழுந்தை எடை போடுவார்கள். இத்தனை கிலோ பறித்தால்தான் முழுக் கூலி, அதற்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. மழையில் நனைந்த கொழுந்தா, ஈரத்துக்குக் கொஞ்சம் கழிவு. சாக்குக்குக் கொஞ்சம் கழிவு. பல தோட்டங்களில் இது தாத்தா காலத்து வழக்கம். பறித்தவர் எட்டி நின்று பார்ப்பார். முள் எங்கே நிற்கிறது என்று சொல்பவர் வேறு ஒருவர். நோட்டில் எழுதுபவரும் வேறு ஒருவர்.

இந்த இடத்தில்தான் என் காமர்ஸ் புத்தி கேட்கிறது. பறிக்கிறவரின் வேலைக்குக் கிலோ கணக்கு இருக்கிறது. மேற்பார்வை பார்க்கிறவரின் வேலைக்கு என்ன கணக்கு? அவரை எந்தத் தராசில் ஏற்றுகிறார்கள்?

‘சார், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலிதானே?’ என்பீர்கள். உண்மை. இந்தியாவில் 1976-லேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது புதிய ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டாலும், கொள்கை அப்படியேதான் இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களில்கூட 1984-ல் சம கூலி வந்தது. ஆனால், கூலி சமம் என்றால் நேரமும் சமமா? கவ்வாத்து வெட்டுவது, மருந்தடிப்பது போன்ற ‘ஆம்பளை வேலை’க்குப் பல தோட்டங்களில் ‘இவ்வளவு முடித்தால் போதும்’ என்று அளவு உண்டு. முடித்தால் மத்தியானத்தோடு வீடு. கொழுந்துக்கு அந்தச் சலுகை கிடையாது. சாயங்காலக் கடைசி எடை வரை நின்றாக வேண்டும். ஒரே கூலி, ஆனால் வேறு வேறு கடிகாரம்!

அதற்கப்புறம் வீட்டுக் கடிகாரம் ஆரம்பிக்கும். மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வே என்ன சொல்கிறது? சம்பளமில்லாத வீட்டு வேலையில் கை வைக்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் அதில் செலவழிக்கிறார்கள். கை வைக்கிற ஆண்கள் 88 நிமிடம். கையே வைக்காத மகாராஜாக்கள் இந்தச் சராசரிக்குள் வரவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

சட்டமாவது ஒழுங்காக இருந்ததா? தோட்டத் தொழிலாளர்களுக்கென்று 1951-ல் ஒரு சட்டம் வந்தது. வீடு, வைத்தியம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் என்று பல நல்ல விஷயங்கள் அதில் இருந்தன. அதே சட்டத்தில் ‘குடும்பம்’ என்றால் யார் யார் என்று ஒரு விளக்கமும் இருந்தது. தொழிலாளி ஆணாக இருந்தால், அவரை நம்பி இருக்கிற அப்பா அம்மாவும் குடும்பத்தில் சேர்த்தி. பெண்ணாக இருந்தால்? அவருடைய அப்பா அம்மா குடும்பம் இல்லை! கூடை சுமந்து பெற்றவர்களைக் காப்பாற்றுகிற மகளுக்கு, சட்டப்படி பெற்றவர்களே கிடையாது. இதைத் திருத்தியது எப்போது தெரியுமா? 2010-ல். ஒரு வரியை மாற்ற 59 வருடம். ஒரு பெண் பதினெட்டு வயதில் கொழுந்து பறிக்கச் சேர்ந்து ரிட்டயர் ஆகி, பேரப்பிள்ளைக்குக் கல்யாணமே பண்ணியிருக்கலாம்.

‘இதெல்லாம் நம்ம ஊர் லட்சணம், முன்னேறிய நாட்டில் இப்படி இருக்காது’ என்று யாராவது பெருமூச்சு விட்டால், டீ பறிக்கிற பெண்ணைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, டீ ஊற்றுகிற பெண்ணைப் பார்க்கலாம். ஜப்பான்.

புல்லட் ரயில் விட்ட நாடு. அங்கே ஆபீஸ்களில் ‘ஓச்சாக்குமி’ என்று ஒரு வழக்கம். காலையிலும் விருந்தாளி வரும்போதும் டீ கலந்து எடுத்துப் போய்க் கொடுப்பது. யார் கொடுக்க வேண்டும்? அந்த ஆபீஸில் வேலை பார்க்கிற பெண். அவர் பட்டதாரியாக இருந்தாலும் சரி, பக்கத்து ஸீட் ஆணைவிட சீனியராக இருந்தாலும் சரி. அவர்களுக்கு ‘ஷொகுபா நோ ஹானா’ என்று பட்டப்பெயர் வேறு. வேலையிடத்துப் பூ! எண்பதுகளில் ஒரு கொடூர ஜோக்கும் புழங்கியது. பெண் என்பவள் கிறிஸ்துமஸ் கேக் மாதிரி, இருபத்தைந்துக்கு மேல் விலை போகாது என்று. பூ வாடுவதற்குள் கல்யாணம் கட்டிக்கொண்டு வேலையை விட்டுவிட வேண்டும் என்பது எழுதாத விதி. சில கம்பெனிகளில் எழுதியே வைத்திருந்தார்கள். கல்யாணமானால் வேலை காலி என்ற அந்த விதி செல்லாது என்று சுமிட்டோமோ சிமென்ட் வழக்கில் டோக்கியோ கோர்ட் தீர்ப்பளித்தது 1966-ல்.

1963-ல் கியோட்டோ நகராட்சி ஆபீஸில் ஒரு கலகம் நடந்தது. பெண் ஊழியர்கள் சிலர், ‘டீ ஊற்றுவது எங்கள் வேலை இல்லை’ என்று மறுத்தார்கள். வரலாற்றில் ‘டீ ஊற்றுவோர் கலகம்’ என்றே பதிவாகி இருக்கிறது. பெரிதாக ஜெயிக்கவில்லை. ஒரு கப் டீக்காகவா இவ்வளவு ரகளை என்றுதான் எல்லோருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் அந்தப் பெண்களுக்கு விஷயம் புரிந்திருந்தது. கையில் டீ தட்டு இருக்கிற வரை, அந்தக் கைக்கு ஃபைல் வராது.

1985-ல் ஜப்பான் சம வேலைவாய்ப்புச் சட்டம் போட்டது. மறு வருடம் அமலுக்கு வந்தது. கம்பெனிகள் என்ன செய்தன? ஆண், பெண் என்று பிரிக்கக் கூடாது, அவ்வளவுதானே? வேலையை இரண்டு தண்டவாளமாகப் பிரித்தார்கள். ஒன்று மேலே மேலே போகிற ‘ஸோகோஷோக்கு’. இன்னொன்று அதே இடத்தில் நிற்கிற ‘இப்பன்ஷோக்கு’. முதல் தண்டவாளத்தில் அநேகமாக எல்லோரும் ஆண்கள்; இரண்டாவதில் அநேகமாக எல்லோரும் பெண்கள். ‘நாங்க பிரிக்கலையே, அதுவா அப்படி அமைஞ்சிடுச்சு!’ சுமிட்டோமோ எலெக்ட்ரிக் கம்பெனியின் பெண் ஊழியர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2000-ல் ஒஸாகா கோர்ட், அவர்களை வேலைக்கு எடுத்த அறுபதுகளின் சமூக வழக்கப்படி அது தப்பில்லை என்று சொல்லிவிட்டது. அப்பீலில், 2003 டிசம்பரில்தான் ஆளுக்கு 50 லட்சம் யென்னும் பதவி உயர்வும் கொடுத்து கம்பெனி சமரசம் செய்துகொண்டது.

ஜப்பானைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. ஆண்-பெண் இடைவெளி பற்றிய உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 பட்டியலில் 148 நாடுகளில் ஜப்பானுக்கு 118-வது இடம். நமக்கு 131! 2025 அக்டோபரில் ஜப்பானுக்கு முதல் பெண் பிரதமர் கிடைத்தார். நமக்கு 1966-லேயே கிடைத்தார். உலகத்துக்கே முதல் பெண் பிரதமர் 1960-ல் இலங்கையில் கிடைத்தார். அவர்தான் மேலே சொன்ன ஒப்பந்தத்தின் சிரிமாவோ. உச்சாணியில் ஒரு பெண் உட்கார்ந்துவிட்டால் அடிக்கிளையில் இருக்கும் பெண்ணுக்கு விடிந்துவிடும் என்பவர்கள், அந்த ஒப்பந்தத்தில் கப்பலேறிய பெண்களைத்தான் கேட்க வேண்டும்.

கிழக்கு ஆசியாவுக்கு விமானம் ஏற வேண்டிய அவசியம்கூட இப்போது இல்லை. அது ஸ்ரீபெரும்புதூருக்கே வந்துவிட்டது. இந்தியாவில் ஃபேக்டரி வேலை பார்க்கும் பெண்களில் பத்தில் நாலு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். பெருமையான விஷயம், மறுக்கவில்லை. தைவான் கம்பெனியான ஃபாக்ஸ்கான் அங்கே ஐபோன் தயாரிக்கிறது. வேலை பார்ப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். ஏன் பெண்கள்? எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் உலகம் பூராவும் சொல்கிற காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். விரல்! அம்மாவின் விரல் கொழுந்துக்கு, மகளின் விரல் போனுக்கு.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. கல்யாணமான பெண்களை அந்த ஃபேக்டரியில் அசெம்பிளி வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்பது செய்தி. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், லீவு, தாலி, மெட்டி என்று காரணங்கள் அடுக்கப்பட்டிருந்தன. கம்பெனி பாகுபாட்டை மறுத்தது. புதிதாக எடுப்பவர்களில் 25 சதவிகிதம் மணமான பெண்கள் என்றது. தொழிலாளர் துறை அதிகாரிகள் போய் விசாரித்தபோது கிடைத்த கணக்கு: மொத்தப் பெண்கள் 33,360. மணமானவர்கள் சுமார் 2,750. நூற்றுக்கு எட்டு பேர்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தேயிலைத் தோட்டத்துக்குக் கல்யாணமான பெண்தான் வசதி. புருஷன், பிள்ளைகள் என்று லைன் வீட்டில் வேர் பிடித்துவிட்டால் வேலையை விட்டுப் போக மாட்டார். போனால் வீடு போய்விடும். ஃபோன் ஃபேக்டரிக்குக் கல்யாணமாகாத பெண்தான் வசதி. ஹாஸ்டலில் இருப்பார், ஷிஃப்ட் மாற்றினாலும் கேள்வி கேட்க வீட்டில் ஆள் இல்லை. ஒரே தமிழ்நாட்டுப் பெண். ஓரிடத்தில் தாலி தகுதி, இன்னோரிடத்தில் தாலி தகுதியின்மை. இதில் பெண்ணின் இயற்கை எங்கே இருக்கிறது? கம்பெனியின் சௌகரியம்தான் இருக்கிறது. இரண்டு இடத்திலும் அவள் தலைக்கு மேலே இருக்கிற கூரை அவளுடையது இல்லை என்பதையும் கவனியுங்கள். 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாடு விஷமாகி நூற்றுக்கணக்கானவர்கள் நோயில் விழுந்தபோது, அந்தப் பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் அப்படி ஒரு கூரை இருப்பதே நமக்குத் தெரிந்தது.

சரி, இவர்களுக்காகப் பேசத்தான் தொழிற்சங்கங்கள் இருக்கின்றனவே? இருக்கின்றன. மேடையில் யார் இருக்கிறார்கள்? பெண்கள் சந்தா கட்டுவார்கள், ஊர்வலத்தில் முன்னால் நடப்பார்கள். பேச்சுவார்த்தை மேஜையில் ஆண்கள் உட்காருவார்கள்.

கொரியாவில் இஞ்சோன் நகரத்து டோங்கில் ஜவுளி மில்லில் இதே கதைதான். தொழிலாளர்களில் பெரும்பான்மை பெண்கள், சங்கத் தலைமை ஆண்கள். 1972-ல் அந்தப் பெண்கள் முதன்முறையாக ஒரு பெண்ணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். கம்பெனிக்கும் பொறுக்கவில்லை, கூட வேலை பார்த்த ஆண்கள் சிலருக்கும் பொறுக்கவில்லை. 1978 பிப்ரவரியில் சங்கத் தேர்தலுக்கு ஓட்டுப் போடப் போன பெண்கள் மேல் மலத்தை வாரி இறைத்தார்கள். ஒரு பெண் தலைவராவது அவர்களை அந்த அளவுக்கு நடுங்க வைத்திருக்கிறது.

நமக்குப் பக்கத்தில் மூணாறு. 2015 செப்டம்பர். போனஸை 20-லிருந்து 10 சதவிகிதமாகக் குறைத்தபோது, கண்ணன் தேவன் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், ரோட்டுக்கு வந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆதரவு தெரிவிக்க வந்த ஆண் தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ‘சுமக்கறது நாங்க, பேரம் பேசறது நீங்களா?’ என்பதுதான் அவர்கள் கோபத்தின் சாரம். ஒன்பது நாளில் 20 சதவிகிதம் திரும்பக் கிடைத்தது. அடுத்த மாதம் 232 ரூபாயாக இருந்த நாள் கூலி 301 ஆனது. கேட்டது 500 என்பது வேறு விஷயம். பேச்சுவார்த்தை தெரியாது என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள், பேசத் தெரிந்தவர்கள் பெற்றுத் தராததைப் பெற்றுக்கொண்டார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ‘அப்படியானால் பெண்களை மேஸ்திரி ஆக்கலாமே’ என்று கேளுங்கள். வரிசையாகக் காரணம் வரும்.

முதல் காரணம், பாதுகாப்பு. ‘யானை நடமாட்டம் சார். விடியக்காலைல பொம்பளைய எப்படி ஃபீல்டுக்கு அனுப்பறது?’ பந்தலூர் பக்கம் யானையும் சிறுத்தையும் நிஜம்தான். 2024 ஜனவரியில் அம்மாவோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பம். ஆனால் ஒன்று புரியவில்லை. அதே ஃபீல்டில், அதே விடியற்காலையில், செடிக்கு நடுவே இடுப்பளவு பச்சைக்குள் நிற்கிற முப்பது பேரும் பெண்கள்தானே? அவர்களுக்கு வராத யானை மேஸ்திரியை மட்டும் தேடி வருமா?

இரண்டாவது காரணம், ‘பொம்பளைங்க சொன்னா பொம்பளைங்களே கேக்க மாட்டாங்க.’ இருக்கட்டும். நெல்லியாளம் நகராட்சித் தலைவர் நாற்காலி 2022 தேர்தலில் பழங்குடிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. நகராட்சியை ஒரு பெண் நடத்தலாம், முப்பது பேர் கொண்ட ஒரு கொழுந்து கேங்கை நடத்த முடியாதா?

மூன்றாவது, ‘அவங்களே கேக்கலையே சார்!’ எங்கே கேட்பது? விண்ணப்பம் எங்கே? தேர்வு எங்கே? யாரைப் பிடித்தால் மேஸ்திரி ஆகலாம் என்பது ஆண்களுக்குள் டீக்கடையில் பேசி முடிகிற விஷயமாக இருந்தால், அந்த நேரத்தில் அடுப்படியில் நிற்கிறவர் எப்படிக் கேட்பார்?

இப்போது புதுக் கூத்து ஒன்று. கையால் பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று கத்தரி வந்தது, பிறகு மோட்டார் மெஷின் வந்தது. அதிலும் பாருங்கள், ஜப்பான் தயாரிப்பு! இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வரிசையாகச் செடியின் தலையைச் சீவிக்கொண்டே போகலாம். அதைப் பிடிப்பவர்கள் யார்? பெரும்பாலும் ஆண்கள். ‘மெஷின் ஆபரேட்டர்’ என்று அந்தஸ்தான பெயர் வேறு. ஆம்பளைக் கையைத் தாங்காது என்று சொன்ன அதே செடி, மோட்டார் பிளேடைத் தாங்குகிறதாம்! நூறு வருடமாகச் சொல்லி வந்த விரல் மென்மைக் கதை ஒரே நாளில் சாயம் வெளுத்துப்போய்விட்டது. ஆனால் அந்தக் கதையால் இழந்த கூலியையும் பதவியையும் யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

டான்டீ நஷ்டத்தில் தள்ளாடிய கம்பெனி என்பது எனக்கும் தெரியும். 2022-ல் 2,000 ஹெக்டேருக்கு மேல் தோட்டத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. தோட்டம் சுருங்கச் சுருங்க, வேலையும் லைன் வீடும் சேர்ந்தே கேள்விக்குறியாகிறது. அதனால்தான் இது தள்ளிப்போடக்கூடிய விஷயம் இல்லை. பணம் இல்லை என்பவர்களுக்காக, பெரிய செலவில்லாத சில காரியங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, மேஸ்திரி, சூப்பர்வைசர் வேலைகளில் பாதியைப் பத்து வருடமாவது கொழுந்து பறித்த பெண்களுக்கு ஒதுக்குங்கள். அரசு வேலையில் பெண்களுக்கு 1989-லேயே 30 சதவிகிதம் கொடுத்த மாநிலம் இது. உள்ளாட்சியில் 50 சதவிகிதம் கொடுத்த மாநிலம். தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் வந்ததும் ஏன் கை நடுங்குகிறது?

இரண்டு, எடை போடும்போது பறிப்பவர்களின் பிரதிநிதியாக ஒரு பெண் தராசுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். மளிகைக் கடையில் கால் கிலோ துவரம் பருப்புக்கே பில் கொடுக்கிறார்கள். 27 கிலோ கொழுந்துக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கக் கூடாதா?

மூன்று, மெஷின் பயிற்சியை முதலில் பெண்களுக்குக் கொடுங்கள். செடியை அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

நான்கு, வீடு கொடுத்தால் அவர் பெயரில் கொடுங்கள். ரிட்டயர் ஆனதும் ‘காலி பண்ணும்மா’ என்று சொல்ல முடியாதபடி கொடுங்கள்.

ஐந்து, இது சங்கங்களுக்கு. அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் உங்கள் பக்கத்து நாற்காலிகளில் பாதியில் கொழுந்து பறிக்கிற பெண்கள் இல்லையென்றால், அந்த மேஜைக்குப் போகாதீர்கள். மூணாறில் உங்கள் தோழர்களுக்கு நடந்தது நெல்லியாளத்தில் நடக்க ஒரு போனஸ் குறைப்பு போதும்.

தனியார் தோட்ட முதலாளியிடம் கெஞ்ச வேண்டிய அவசியம்கூட முதலில் இல்லை. டான்டீயின் முதலாளி அரசாங்கம். அரசாங்கத்தின் முதலாளி யார் என்று ஐந்து வருடத்துக்கு ஒரு முறை விரலில் மை வைத்துச் சொல்கிறார்கள். நெல்லியாளத்துப் பெண்களின் விரலிலும் அந்த மை வைக்கப்படுகிறது. அந்த விரல் மென்மையா, முரடா என்று ஓட்டுச்சாவடியில் யாரும் தடவிப் பார்ப்பதில்லை.